மேசைத் துணிக்கு வைத்த மஞ்சள்

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து மேசையில் சிவப்பு கூடாது, பச்சை கூடாது, மஞ்சளும் கூடாது என்று துரைசாணி சொல்லிவிட்டாள். வெள்ளை இருக்கலாம். வைக்கோல் நிறம் இருக்கலாம். சாம்பல், மண், காய்ந்த ஓலை, கொட்டாங்கச்சி, இவையெல்லாம் இருக்கலாம். பட்லர் வந்து இதைச் சொன்னபோது நான் சமையற்கட்டுக்கு வெளியே குந்தி, வெள்ளிக் கரண்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"இது இன்னா அண்ணாத்தே, விருந்தா, கருமாதியா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏம்மே, உனக்கு வாயி ரொம்ப நீளம். அம்மா காதுல உயுந்துதுன்னா நீயும் ஊட்டுக்குப் போவ, நானும் ஊட்டுக்குப் போவேன். சொன்னத்த செய்யி" என்றார் அவர்.

பட்லர் பட்டணத்துக்காரர். மூன்று துரைகளிடம் வேலை பார்த்தவர். துரைசாணி பேசும் இங்கிலீஷில் பாதியைப் புரிந்துகொண்டு மீதியை யூகித்து எங்களுக்குச் சொல்வார். நாங்கள் சொல்வதை அவளுக்கு எப்படிச் சொன்னாரோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்த ஒரே வழி அவர்தான்.

அது யுத்த காலம். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்து, அதற்குப் பிறகு வந்த இரண்டாவது மார்கழி. ஆவடியில் ராணுவ முகாம் இருந்தது. அதில் ஒரு துரையின் பங்களாவில் நான் பாத்திரம் தேய்க்கவும் மேசை துடைக்கவும் போய்க்கொண்டிருந்தேன். வீடு நெமிலிச்சேரியில். விடிந்ததும் ரயில் தண்டவாளத்து ஓரமாக நடக்க ஆரம்பித்தால், துரை காலைச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில்தான் இருந்தார். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை, சமையல் வேலை. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் கலப்பையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கப்பலில் மலாய் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயிருந்து இரண்டு கார்டு வந்தது. இரண்டாவதில், 'இங்கே மழை விடுவதே இல்லை, மீன் மலிவு, தை மாதம் லீவு கேட்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். நான் பாரிவாக்கத்தில் பிறந்தவள். பூந்தமல்லிப் பக்கத்துப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை போனவள். அதனால் அந்தக் கார்டை நானே படித்தேன். எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அதன் பிறகு சிங்கப்பூர் விழுந்தது. கார்டு வரவில்லை. செத்தார் என்றும் சேதி இல்லை, இருக்கிறார் என்றும் சேதி இல்லை.

மாமியார் ஒரு வருஷம் பொறுத்தாள். இரண்டாவது வருஷம் கொழுந்தனுக்குப் பெண் அமைந்தது. நல்ல இடம், அவர்கள் மாசிக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒருத்தன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பந்தக்கால் நடுவது என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஜோசியக்காரரைக் கேட்டார்கள். உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் உருவம் கட்டி, அதை அவனாகவே நினைத்துக் கொள்ளி வைத்து, பதினாறாம் நாள் காரியம் செய்துவிட்டால் வீட்டுக்குத் தோஷமில்லை என்று அவர் சொன்னார். காரியம் என்றால் என் தாலியும் அதில் சேர்த்தி.

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்றேன்.

"நா மட்டும் ஆசையாவா சொல்றேன்? பெத்தவ நானு. எனக்கு இல்லாத வயித்தெரிச்சலா உனக்கு?" என்றாள் மாமியார். அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு பிள்ளை போய்விட்டான், இன்னொரு பிள்ளையாவது வாழட்டும் என்று பார்த்தாள்.

இந்தச் சமயத்தில்தான் துரைசாணி ஒரு வார்த்தை சொன்னாள். என் கதையைப் பட்லர் எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, கிறிஸ்துமஸ் அன்று மதராஸிலிருந்து ஒரு பெரிய துரை விருந்துக்கு வருகிறார், காணாமற்போன சிப்பாய்களின் விவரமெல்லாம் அவருடைய ஆபீஸுக்குத்தான் வரும், உன் புருஷனைப் பற்றி நான் நேரில் கேட்கிறேன் என்றாள். என் வீட்டுக்காரருடைய பட்டாள நம்பர் வேண்டும் என்றாள். நம்பர் அந்தக் கார்டில் இங்கிலீஷில் இருந்தது. மறுநாளே இரண்டாவது கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். எங்களைப் போல ஒருத்தி கொடுத்ததை வெள்ளைக்காரி ஒருத்தி அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவள் அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்தாள். பிறகு, "செரி. அந்தப் பண்டிகை வரைக்கும் பாக்கறேன். ஒரு சேதி வந்துச்சுன்னா, அவன் ஜெயில்ல கீறான்னு சொன்னாக்கூடப் போதும், கல்யாணத்த நிறுத்திடறேன். சேதி இல்லன்னா தையில காரியம். அப்பறம் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஆகவே அந்த விருந்து எனக்கு வெறும் விருந்து இல்லை. மேசை நன்றாக இருந்தால் துரைசாணி சந்தோஷப்படுவாள், அவள் சந்தோஷப்பட்டால் நன்றாகக் கேட்பாள், நன்றாகக் கேட்டால் பெரிய துரை நன்றாகப் பதில் சொல்வார். என் புத்தி அப்படித்தான் போயிற்று. நம்பர் இருந்த கார்டைவிட அந்த மேசையைத்தான் நான் அதிகம் நம்பினேன்.

முந்தின வருஷம் அந்த மேசையில் சிவப்புக் காகிதமும் சிவப்பு ரிப்பனும் பச்சை இலையுமாகத் திருவிழா மாதிரி இருந்தது. இந்த வருஷம் ஏன் இப்படி என்று பட்லரைத் துளைத்து எடுத்தேன். அவர் சமையற்கட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அம்மாவோட தம்பி, இருவது வயசு கூட இருக்காது. பர்மா பக்கம் அடிபட்டு மெட்ராஸ் ஆசுபத்திரிக்குக் கொண்டாந்தாங்க. நாந்தான் தெனம் சூப் எடுத்துகினு அம்மாகூடப் போவேன். கட்டில்ல வெள்ள வெளேர்னு துப்பட்டி போட்டிருப்பாங்க. காத்தால போட்டா மத்தியானத்துக்குள்ள செவந்துடும். அம்மா அத்தயே பாத்துகினு ஒக்காந்திருக்கும். பொரட்டாசியில போயிட்டான் அந்தப் புள்ள. அன்னிலேருந்து அம்மாவுக்குச் செவப்பு ஆவாது. துரை செவப்பு டை கட்டினாக்கூடக் கயட்டச் சொல்லுது."

கருமாதியா என்று கேட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது: இவளுக்காவது பார்க்கக் கிடைத்தது. இப்படி நினைத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று நாள் அந்த மேசைக்காக அலைந்தேன். மார்கழியானதால் ஏரி நிறையத் தண்ணீர். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சம்பங்கோரையின் பழுப்புக் கதிர்களை அறுத்தேன். நாணல் பூ காய்ந்து வெளுத்துப் போயிருந்தது. அது ஒரு கட்டு. எங்கள் வைக்கோற்போரிலிருந்து உருவிய வைக்கோல், மழை படாத உள்பக்கத்து வைக்கோல், அது ஒரு கட்டு. பனங்குருத்து வெட்டித் தரச் சொல்லி மரமேறியிடம் கெஞ்சினேன். காய்ந்து விழுந்த தென்னம்பாளை மட்டை ஒன்று படகு மாதிரி கிடைத்தது. கொட்டாங்கச்சிகளைச் சுரண்டிச் சாம்பல் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவினேன். மெழுகுவர்த்தி நிறுத்த அவைதான் கிண்ணம்.

பாளை மட்டையை மேசை நடுவில் வைத்து மணல் நிரப்பி, சம்பங்கதிரையும் நாணலையும் அதில் நட்டேன். சுற்றிலும் வைக்கோலால் வளையம் பின்னி வைக்க வேண்டும் என்றாள் துரைசாணி. படம் கூடப் போட்டுக் காட்டினாள். அவர்கள் ஊரில் அதற்கு என்ன பெயரோ, எங்கள் ஊரில் பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமணை அது. ஆறு பிரிமணை பின்னினேன். அதன் இடுக்குகளில் பஞ்சு வைத்தேன். குருத்தோலையை மடித்துச் சின்னச் சின்ன நட்சத்திரம் செய்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அது அழகாகத்தான் இருந்தது. துரைசாணி வந்து பார்த்து என் தோளில் கையை வைத்தாள். அந்தக் கை வைத்த இடம் சாயங்காலம் வரை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம்தான் வினை வந்தது. அவர்கள் ஊரில் அந்த மாதம் பனி கொட்டுமாம். மேசையிலும் பனி கொட்டினது போல ஏதாவது வேண்டுமாம். பட்லர் யோசித்துவிட்டு, "பொரி வாங்கியாந்து தூவிடலாம்" என்றார். எங்கள் ஊரில் பிணத்துக்கு முன்னால் வழிநெடுகப் பொரி இறைத்துக்கொண்டு போவார்கள். சரஸ்வதி பூஜைக்கும் பொரிதான், கார்த்திகைக்கும் பொரிதான். ஆனால் அதில் வெல்லம் இருக்கும், பொட்டுக்கடலை இருக்கும். வெறும் பொரியை வெள்ளைத் துணிமேல் இறைத்து நான் பார்த்தது ஒரே காரியத்துக்குத்தான்.

"வாணாம் அண்ணாத்தே" என்றேன்.

"அத்தெல்லாம் நம்ம ஜனத்துக்கும்மே. அவங்களுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லி அவரே தூவினார்.

அதைவிட மோசம் துணி. துரைசாணி பெட்டியைத் திறந்து ஒரு புது மேசைத் துணியை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய தாயார் சீமையிலிருந்து அனுப்பியது, இதுவரை விரித்ததே இல்லை. தண்ணீர் படாத வெள்ளைக் கோடி. பொரி, வைக்கோல் எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அதை விரித்து, மறுபடி எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு நான் தள்ளி நின்று பார்த்தேன். கோடித் துணி. அதன்மேல் பொரி. வைக்கோல். பஞ்சு. தலைமாட்டில் வைப்பது போல விளக்கு. இந்த மேசையில் உட்கார்ந்துதான் நாளைக்கு என் புருஷன் இருக்கிறாரா என்று கேட்கப் போகிறாள்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் துணி எதுவானாலும், சின்னக் குழந்தையின் சட்டையானாலும், ஒரு மூலையில் துளி மஞ்சள் வைக்காமல் மேலே போட மாட்டோம். மஞ்சள் வைக்காத புதுத் துணி இரண்டு பேருக்குத்தான்: செத்தவனுக்கும், அவன் பெண்டாட்டிக்கும். அந்த மேசைத் துணியில் மஞ்சள் இல்லை.

அப்போது சாப்பாட்டு அறையில் யாரும் இல்லை. சமையற்கட்டில் கறிக்கு அரைத்த மஞ்சள் அம்மியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மோதிர விரலால் தொட்டேன். சுவரோரம் இருந்த மூலையில், யார் கண்ணிலும் படாத மூலையில், நகத்தளவு வைத்தேன். வைக்கும்போது அவரை நினைத்துக்கொண்டேன். பெயரை வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை. செய்து முடித்ததும் எனக்குப் பாரம் இறங்கினாற் போல இருந்தது. வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அந்த ஒரு சாயங்காலம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பண்டிகையன்று காலையில் தூறல். ஆவடிக்குப் போய்ச் சேரும்போதே பட்லர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"இன்னாம்மே பண்ணி வெச்சிருக்கிற?"

ஈர மஞ்சள் ராத்திரியில் ஊறிப் பரவியிருந்தது. நகத்தளவு வைத்தது உள்ளங்கை அளவு ஆகியிருந்தது. நான் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை அடிக்கக் கையை ஓங்கி, பிறகு அந்தக் கையைத் தன் தலைமேலேயே வைத்துக்கொண்டார்.

"அம்மா இன்னும் ரூம விட்டு வரல. மேச மேல கீறதெல்லாம் எடுத்துட்டு, சீக்கிரம் தொவைம்மே" என்றார்.

மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. அது எனக்குத் தெரியும். அரை நாள் நல்ல வெயிலில் போட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஆனால் வானம் தார் பூசினது போல இருந்தது. பட்லர் சோப்புக் கட்டியை என் கையில் திணித்தார். சோப்புப் பட்டால் மஞ்சள் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்து எத்தனை தடவை சிவப்பாக்கியிருக்கிறேன். தெரிந்திருந்து என்ன? அந்தப் பதற்றத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, புத்தியும் ஓடவில்லை. மூலையை நனைத்து, சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். இரண்டு தேய்ப்பில் அது ரத்தமாகச் சிவந்தது.

தண்ணீரை மாற்றி மாற்றி அலசினோம். சிவப்பு கொஞ்சம் மங்கியதே தவிரப் போகவில்லை. வேறு துணி போடலாமா என்றால் மற்றதெல்லாம் கட்டம் போட்டது, நீலக் கரை வைத்தது. கடைசியில் கரி இஸ்திரிப் பெட்டியால் மூலையைக் காயவைத்து, பழையபடி விரித்து, அந்த மூலையை உள்பக்கம் மடித்துச் செருகினோம். சுவரோரம் போடுகிற அந்த நாற்காலியில் யாராவது சின்ன துரை உட்காருவார். அவர் குனிந்து பார்க்கப் போகிறாரா என்று பட்லர் எனக்கும் தனக்கும் சேர்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டார்.

அப்போதெல்லாம் ராத்திரி விளக்குக்குத் தடை இருந்ததால் விருந்து மத்தியானத்திலேயே. எட்டுப் பேர். பெரிய துரை ரொம்ப உயரம், நரைத்த மீசை, பார்ப்பதற்குச் சாதுவான மனுஷர். மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாணல் பூவைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னார். துரைசாணி என்னைக் கைகாட்டினாள். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பாதி காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

துரைசாணி வழக்கமாக உட்காருவது மேசையின் கோடியில், துரைக்கு எதிரே. அன்றைக்கு அந்த இடத்தைப் பெரிய துரைக்குக் கொடுத்தாள். பிறகு சின்ன துரை ஒருவரை எழுப்பிவிட்டு, அவள் போய் அந்தச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்லர் என் காதோரம் வந்து, "பெரிய தொரைக்கு ஒரு காது கேக்காதாம். உன் விசயம் கேக்கணும்னுதான் அம்மா அந்தப் பக்கமா ஒக்காருது" என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்காக, எனக்காகவேதான் அவள் அந்த நாற்காலிக்கு மாறினாள்.

நான் சமையற்கட்டு வாசற்படியில் நின்றேன். சூப் வந்தது, போயிற்று. வான்கோழி வந்தது. துரைசாணி கார்டைத் தன் தட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். அதன் ஓரம் எனக்குத் தெரிந்தது. பெரிய துரை எதையோ சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதோ கேட்கிறேன் என்பது போலக் கண்ணைக் காட்டினாள். தட்டைக் கொஞ்சம் தூக்கிக் கார்டை இழுத்தாள். கார்டோடு துணியும் சேர்ந்து வந்தது. செருகியிருந்த மூலை அவிழ்ந்து அவள் மடியில் விழுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

கத்தவில்லை. யாரையும் திட்டவில்லை. அந்த மூலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ஆசுபத்திரியில் அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று பட்லர் சொன்னது இதைத்தான் என்று எனக்குப் புரிந்தது. பிறகு எழுந்து நடந்தாள். நாற்காலி விழுந்தது. துரை பின்னாலேயே ஓடினார். கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மீதி விருந்தை அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்கள். வாசற்படியில் நின்ற எனக்குக் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பெரிய துரை புறப்பட்டார். நான் தட்டு எடுக்கிற சாக்கில் போய் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாறு அடி தூரம். கார்டு என் கையில். என்னிடம் இல்லாதது பாஷை ஒன்றுதான்.

"அண்ணாத்தே, நீ கேளேன்! ஒரே ஒரு வார்த்த! உன் கால்ல உயறேன்" என்றேன்.

பட்லர் கையில் பெரிய துரையின் மழைக்கோட்டு இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்துகொண்டு, "சும்மா இரும்மே, என் பொயப்பக் கெடுக்காத" என்று உதடு அசையாமல் சொன்னார். கோட்டை மாட்டிவிட்டார். பெரிய துரை படியிறங்கும்போது என்னைப் பார்த்து, மேசை செய்தவள் என்று அடையாளம் கண்டு, மறுபடி தலையை அசைத்தார். நானும் கும்பிட்டேன். வண்டி போய்விட்டது. அன்றைக்குப் பட்லரை நான் சபித்த சாபம் கொஞ்சமில்லை. இப்போது யோசித்தால் அவர்மேல் கோபம் இல்லை. மஞ்சளை வைத்தது அவர் விரல் இல்லையே.

மறுநாள் துரைசாணி கூப்பிட்டனுப்பினாள். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவள் கண் வீங்கியிருந்தது. பட்லர் நடந்ததைச் சொல்லியிருந்தார் போல; ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அது நல்லதுக்கு வைப்பது என்று பட்லர் மூலமாகச் சொன்னேன். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய துரைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றாள். கார்டைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டாள். பிறகு, அந்த மேசையில் இருந்ததையெல்லாம் கண்ணில் படாமல் நீயே எடுத்துக்கொண்டு போய்விடு என்றாள். வைக்கோல், நாணல், பஞ்சு, பொரி எல்லாவற்றையும் அந்தத் துணியிலேயே கட்டி என் தலையில் ஏற்றிவிட்டார் பட்லர். மூலையில் கறை அப்படியே இருந்தது.

கடிதம் எழுதினாளா என்று தெரியாது. எழுதியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். பொங்கலுக்கு முன்னாலேயே துரைக்கு வடக்கே மாற்றல் ஆகிவிட்டது. பதில் ஏதாவது வந்திருந்தாலும் என்னைத் தேடி வர அதற்கு வழியில்லை.

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தை பிறந்து பத்தாம் நாள் மாமியார் மூட்டையை அவிழ்த்தாள். "வைக்கோலு சுத்தமாத்தான் கீது. வேற தேட வாணாம்" என்றாள். அவள் குரலில் ஈரமே இல்லை, ஆனால் அதில் ஒட்டியிருந்த பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். என் ஆறு பிரிமணையும் அவருக்குக் கையாகவும் காலாகவும் இடுப்பாகவும் ஆயிற்று. நான் போட்ட பின்னலைக் கூட யாரும் பிரிக்கவில்லை. பொரியை வழியில் இறைத்தார்கள். கொழுந்தன் கொள்ளி வைத்தான். நன்றாகக் காய்ந்த வைக்கோல். எரிந்து முடிய அதிக நேரம் ஆகவில்லை.

பதினாறாம் நாள் எனக்குக் கோடி போட வேண்டியது பிறந்த வீட்டுக்காரர்கள். பாரிவாக்கத்திலிருந்து அண்ணன் வந்தான், வெறுங்கையோடு. யுத்தத்தில் துணிக்குப் பஞ்சம். பூந்தமல்லியில் நாலு கடை ஏறி இறங்கியும் ஒரு முழம் வெள்ளை கிடைக்கவில்லை என்று வாசலில் நின்று அழுதான். மாமியார்தான் உள்ளே போய் அந்த மேசைத் துணியை எடுத்து வந்தாள். "இதுவும் புதுசுதானே. ஒரு நாளுதான் விரிச்சது" என்றாள். நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, முனைக்கு முனை வைத்துத் தைத்தார்கள். ஒரு புடவை ஆயிற்று. மஞ்சள் வைத்த மூலை முந்தானையில் வந்தது. போர்த்திவிட்ட பெண்கள் அதைப் பார்த்தார்கள். கோடியில் மஞ்சள் கூடாதே என்று ஒருத்தி ஆரம்பித்தாள். மாமியார் அவளை முறைத்துவிட்டு, அந்த மூலையை உள்ளே மடித்துச் செருகினாள். பட்லரும் நானும் செருகினது போலவே.

மாசியில் கல்யாணம் நடந்தது. நான் உள்ளேயே இருந்தேன். யுத்தம் முடிந்து, மலாய்க்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். திரும்பினவர்களையெல்லாம் தேடிப் போய்க் கார்டைக் காட்டினேன். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. வந்துவிட்டால் என்னை இந்தக் கோலத்தில் பார்ப்பாரே என்று சில வருஷம் பயந்தேன். பிறகு அந்தப் பயமும் போயிற்று.

காரியம் முடிந்த மறுநாள் அந்தப் புடவையை முதல் தடவையாக ஏரியில் நனைத்து அலசினேன். சோப்புப் போடவில்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லை, சுள்ளென்று தை மாத வெயில். கரைமேல் விரித்துக் காயப்போட்டுவிட்டு, ஆற்றாமையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உச்சிப்பொழுதுக்கு எடுத்து மடிக்கும்போது முந்தானையைப் பார்த்தேன். கறை இல்லை. திருப்பிப் பார்த்தேன், மறுபக்கமும் இல்லை. அரை நாள் வெயிலில் அது போய்விட்டது.